பதிமூன்று டிகிரி அறை

ஒயின் அறை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது மெஷினின் பெயரைத்தான். எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை பிடியு, வாரண்டி எத்தனை வருஷம். நான் பதில் சொல்லாமல் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் சமையலறையா, குளியலறையா, மதிய வெயில் விழும் வெளிச்சுவரா? மேலே மொட்டைமாடியா, இன்னொரு குடித்தனமா? கண்ணாடி எத்தனை அடி வருகிறது? இதெல்லாம் தெரியாமல் மெஷினைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு.

ஊரில் ஐடிஐயில் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக் படித்துவிட்டு சிங்கப்பூருக்கு வந்தவன் நான். முதலில் ஜூரோங் பக்கம் மீன், இறைச்சி வைக்கும் குளிர்கிடங்குகளில் வேலை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி, 20 டிகிரி என்று பழகிய கை. பிறகு எங்கள் முதலாளி புக்கிட் தீமா பங்களாக்களில் ஒயின் அறை வேலைகளை எடுக்க ஆரம்பித்தார். வெறும் 13 டிகிரிதானே, இதிலென்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். மீன் கிடங்கில் குளிரைக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது. ஒயின் அறையில் குளிரோடு ஈரத்தையும் அளந்து வைக்க வேண்டும். இன்னொன்று, மீனுக்கு லேபிள் கிடையாது.

நான் குடிப்பதில்லை. ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எதைப் பொறுத்துக்கொள்ளும், எதைப் பொறுத்துக்கொள்ளாது என்பதுதான். நெடுநாள் வைத்திருக்க 12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். அறை காய்ந்து கிடந்தால் தக்கையும் காய்ந்து சுருங்கும். காற்று உள்ளே போய் ஒயின் கெடும். ஈரம் கூடினால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, லேபிளில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஏலத்தில் விற்கும் எண்ணத்தோடு வாங்கி வைப்பவருக்கு லேபிளும் காசுதான். வெப்பநிலை ஏறி இறங்கினால் பாட்டிலுக்குள் திரவம் விரிந்து சுருங்கித் தக்கையை அசைத்துப் பார்க்கும். 15 டிகிரியில் அசையாமல் நிற்கும் அறை, 11க்கும் 16க்கும் நடுவே ஊசலாடும் அறையைவிட மேல் என்பது என் கட்சி. சிவப்புக்கு ஒரு டிகிரி, வெள்ளைக்கு ஒரு டிகிரி என்று இரண்டு அறை கேட்பவர்கள் உண்டு. பரிமாறும் குளிர் வேறு, பத்திரப்படுத்தும் குளிர் வேறு. பத்திரப்படுத்த எல்லாவற்றுக்கும் ஒரே அறை போதும். அதைச் சொன்னால் எங்கள் கம்பெனிக்கு ஒரு மெஷின் வியாபாரம் குறையும். முதலாளி முகம் சுளித்தாலும் சொல்லிவிடுவேன்.

பிரான்சில் ரீம்ஸ் நகரத்துக்கு அடியில், ரோமானியர் காலத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. ஷாம்பெயின் கம்பெனிகள் அவற்றைத்தான் கிடங்காக வைத்திருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. அங்கே மண்ணே வருஷம் முழுக்க 10, 12 டிகிரியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சும், விடும். மெஷின் எதற்கு? ஹாங்காங்கில் ஷௌசன் குன்றின் சரிவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய பழைய வெடிமருந்துக் கிடங்குகளை ஒயின் கிடங்காக்கியிருக்கிறார்கள். அங்கும் பாதி வேலையை மலை பார்த்துக்கொள்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்கப்பூர் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது வெதுவெதுப்பும் ஈரமும்தான். பங்களாவின் அடித்தள அறை என்றால் ஒயினுக்கு உகந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரையிலிருந்து ஊறி வரும் ஈரத்தை அடைக்காவிட்டால் மாடி அறையே தேவலை.

இங்கே நாம் மல்லுக்கு நிற்பது வெயிலோடு அல்ல, காற்றில் இருக்கும் தண்ணீரோடு. இந்த ஊர்க் காற்றின் பனிப்புள்ளி பெரும்பாலான நாள் 24 டிகிரியை ஒட்டி நிற்கும். அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் வெளிக்காற்று பட்டால் நீர் கோக்கும். டீக்கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டிலுக்கு வேர்க்கிறதே, அதேதான். 13 டிகிரி அறை என்பது வீட்டுக்கு நடுவே நிற்கும் பெரிய சோடா பாட்டில். வெளிக்காற்றில் நீராவியின் அழுத்தம், 13 டிகிரியில் 60 சதவீத ஈரத்தோடு இருக்கும் அறைக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த நீராவி இரவும் பகலும் உள்ளே நுழையப் பார்க்கும். ஆணி அடித்த ஓட்டை, ஒயர் போன குழாய், சுவிட்ச் பெட்டியின் பின்புறம் என எந்த வழியையும் விடாது. செங்கல், ஜிப்சம் பலகை, மரம் எதுவும் அதற்குத் தடையில்லை. அவற்றுக்குள்ளேயே ஊடுருவி வரும்.

ஆகவே முதல் வேலை நீராவித் தடுப்பு. கனமான பாலித்தீன் தாளையோ அலுமினியத் தகடு ஒட்டிய தாளையோ அறையைச் சுற்றி ஆறு பக்கமும் ஒட்ட வேண்டும்; தரையும் அதில் சேர்த்தி. எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில்தான் தகராறு வரும். குளிர் நாட்டு வீடுகளில் இந்தத் தாளை உட்பக்கம் ஒட்டுவார்கள். அங்கே வெப்பமும் ஈரமும் வீட்டுக்குள். அதைப் படத்தில் பார்த்துவிட்டு வரும் உள்ளலங்காரக் காண்டிராக்டர்கள் இங்கேயும் இன்சுலேஷனுக்கு உட்பக்கமாக ஒட்டிவிடுவார்கள். ஒயின் அறைக்கு வெப்பமான பக்கம் வெளிப்பக்கம். தாள் அங்கேதான் வர வேண்டும். மாறிப்போனால் நீராவி இன்சுலேஷனைத் தாண்டி உள்ளே வந்து, குளிர்ந்த தாளில் மோதி, சுவருக்குள்ளேயே தண்ணீராகும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வருஷம் போனால் அறையில் ஒரு நாற்றம் வரும். பலகையைப் பிரித்தால் கறுப்புப் பூஞ்சை, கண்ணாடிக் கம்பளி முழுக்க ஈரம். நனைந்த கம்பளி இன்சுலேஷனே அல்ல. இப்படி நான் பிரித்த அறைகளில் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழி என்னவோ மெஷின் மேல்தான்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று நான் குளிர்கிடங்கு பேனலைத்தான் சிபாரிசு செய்வேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை, 75 அல்லது 100 மில்லிமீட்டர் கனம், ஓரங்களில் கொக்கி வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். தகடே நீராவித் தடுப்பு. மூட்டுகளில் சிலிக்கான் சரியாகப் போட்டால் போதும். மேலே மரமோ கல்லோ எதை வேண்டுமானாலும் அவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும். ஆனால் அறை இரு பக்கமும் சுமார் மூன்று நான்கு அங்குலம் சுருங்கும், அதற்கு டிசைனர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை கண்ணாடியில்.

இப்போதெல்லாம் ஒயின் அறை என்பது விருந்துக்கு வந்தவர்கள் பார்க்க வேண்டிய அறை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, உள்ளே விளக்கு, வரிசையாகப் பாட்டில்கள். அழகுதான், மறுக்கவில்லை. கணக்கைப் பார்ப்போம். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறை. தரையும் கூரையும் சேர்த்து மொத்தப் பரப்பு சுமார் 45 சதுர மீட்டர். 75 மில்லிமீட்டர் பேனல் போட்டு, வெளியே 30 டிகிரி, உள்ளே 13 என்றால் சுவர் வழியே நுழையும் வெப்பம் 230 வாட். பழைய குண்டு பல்புகள் நாலு எரிகிற சூடு, அவ்வளவுதான். இப்போது 3 மீட்டர் பக்கத்தை மட்டும் இரட்டைக் கண்ணாடியாக மாற்றுங்கள். அந்த ஒரு பக்கம் தனியாகவே 385 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். மற்ற ஐந்து பக்கமும் சேர்ந்து விடுவதைப்போல இரண்டு மடங்கு. ஒற்றைக் கண்ணாடி போட்டால் அதுவும் இரட்டிக்கும், போதாதென்று வெளிப்பக்கம் வேர்த்துத் தரையில் சொட்டும். மரத்தரை உப்பி எழுந்த பிறகு எங்களுக்குப் போன் வரும்.

கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு, சட்டத்தில் வெப்பம் கடத்தாத இடைப்பட்டை, கதவைச் சுற்றி ரப்பர், அடியில் இறங்கி அடைக்கும் பட்டை. இதெல்லாம் இருந்தால் சரி. சட்டம் இல்லாத கண்ணாடிக் கதவுதான் வேண்டும், அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தால், கதவிடுக்கில் விரலை வைத்துக் காட்டுவேன். அந்த இடுக்கு வழியே நுழையும் ஈரத்தை எந்த மெஷினாலும் கட்டுப்படுத்த முடியாது.

இனி மெஷின். வீட்டு ஏசியையே மாட்டிவிடலாமே என்று கேட்காத ஆள் இல்லை. அண்ணா நகர் ஆனாலும் அங் மோ கியோ ஆனாலும் இந்தக் கேள்வி வரும். வீட்டு ஏசியின் ரிமோட் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. சென்ஸரைச் சூடாக்கி ஏசியை ஏமாற்றி இன்னும் கீழே இறக்கும் பெட்டிகள் வருகின்றன. காய்கறி அறைக்குச் சரி. ஏசியின் காயில், அதாவது உள்ளே குளிரும் குழாய்ச் சுருள், 25 டிகிரி அறைக்காகச் செய்தது. அறை 13க்கு வரும்போது அந்தக் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஐஸ் கட்டும், காற்று அடைபடும், கடைசியில் கம்ப்ரஸருக்கே கேடு. அதற்கு முன்னாலேயே அது காற்றிலிருந்து ஈரத்தையெல்லாம் பிழிந்து எடுத்திருக்கும்.

நாங்கள் ‘டிடி’ என்று சொல்வது அறைக் காற்றுக்கும் காயிலுக்கும் இடையே உள்ள டிகிரி வித்தியாசம். ஒயின் மெஷினின் உயிர்நிலை அதுதான். வித்தியாசம் 15 டிகிரி இருந்தால் காயில் காற்றைக் காயவைத்துவிடும். 9, 10 டிகிரிக்குள் வைத்தால், அதாவது 13 டிகிரி அறையில் காயில் 3, 4 டிகிரியில் நின்றால், இறுக்கமாக அடைத்த அறையில் ஈரம் தானாகவே அறுபதுகளில் வந்து உட்காரும், ஐஸும் கட்டாது. இதற்குப் பெரிய காயில் வேண்டும், சின்ன கம்ப்ரஸர் போதும். ஒயினுக்கென்று செய்த மெஷின் வீட்டு ஏசியைவிடப் பல மடங்கு விலை, ஆனால் குளிர்விக்கும் சக்தி அதைவிடக் குறைவு என்று பார்த்துவிட்டு ஏமாற்று வேலை என்பார்கள். விலையில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் காயிலின் அளவு ஏமாற்று அல்ல.

வகைகள் மூன்று. சுவரில் துளை போட்டுச் சொருகும் ஒற்றைப் பெட்டி மலிவு. ஆனால் அதன் சூடு பின்பக்கத்து அறைக்குள்தான் போகும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்குள் அந்தச் சூட்டைத் தள்ளி, கதவையும் சாத்திவிட்டால், சாயங்காலத்துக்குள் அங்கே நாற்பதைத் தொடும், மெஷின் பிரஷர் ஏறி நின்றுவிடும். குழாய் வழியே குளிர்காற்றை அனுப்பும் வகை சத்தமில்லாதது, இடம்தான் கேட்கும். நான் விரும்புவது ஸ்பிளிட்: உள்ளே காயிலும் ஃபேனும், வெளியே ஏசி திட்டில் கம்ப்ரஸரும் கண்டென்சரும். அதிர்வு பாட்டிலுக்கு வராது, சத்தம் சாப்பாட்டு மேசைக்கு வராது. ஆனால் செம்புக் குழாயைப் பற்றவைப்பவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவிட வேண்டும், வாக்குவம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். "இருபது நிமிஷம் பம்ப் ஓடிருச்சுண்ணே, கேஸ் ஏத்திரவா?" என்று புதிதாக வந்த அறந்தாங்கித் தம்பி கேட்பான். மீட்டரைப் பார்த்துச் சொல்லு, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லாதே என்பேன். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை: 2016 கிகாலி உடன்படிக்கைக்குப் பிறகு பூமியைச் சூடாக்கும் பழைய கேஸ்களை உலகமே படிப்படியாகக் குறைத்து வருகிறது. இன்றைக்குப் புது மெஷின் வாங்குகிறவர் ஆர்404ஏ உள்ளதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாமல் இருப்பது நல்லது.

அளவு விஷயத்தில் கேட்டலாக்கை நம்பக் கூடாது. ‘800 கன அடி வரை’ என்று போட்டிருப்பார்கள். மேலே சொன்ன அறை சுமார் 715 கன அடி. பேனல் அறையாக இருந்தால் தாராளம், கண்ணாடிச் சுவர் வந்தால் திண்டாட்டம். கன அடி ஒரே அளவுதான், வெப்பம்தான் இரண்டரை மடங்கு. அந்த கேட்டலாக் கணக்கும் குளிர் நாட்டு வெளிக்காற்றுக்குப் போட்டது. எங்கள் ஏசி திட்டுகளில் நாலு வீட்டு கண்டென்சர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டைக் கக்கும்போது காற்று 38, 40 டிகிரி இருக்கும். அதற்காக இரட்டிப்பு அளவில் பெரிய மெஷின் போடுவதும் தப்பு. அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். ஈரமும் நிலைக்காது, கம்ப்ரஸரும் நிலைக்காது. பெரிய அறைக்குச் சின்ன மெஷின் இரண்டாகப் போட்டு, முறை மாற்றி ஓடவிடுவேன்.

பாட்டில்களை அடுக்கிய முதல் வாரம் போன் வராமல் இருக்காது. மெஷின் நிற்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள். வீட்டுச் சூட்டில், 28 டிகிரியில் இருந்த ஆயிரம் பாட்டிலை 13க்குக் கொண்டுவர 14 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே இறைத்தாக வேண்டும். ஒன்றிரண்டு நாள் மெஷின் மூச்சுவிடாமல் ஓடும். அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தால் அதற்கும் மேல். பிறகு அடங்கிவிடும். நல்ல அறையில் அதற்கப்புறம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு யூனிட்தான் செலவு.

சென்ஸரை நான் காற்றில் தொங்கவிடுவதில்லை. ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் இறக்கி, நடு அடுக்கில் படுக்க வைப்பேன். காற்று 11க்கும் 15க்கும் ஆடினாலும் பாட்டிலுக்குள் அரை டிகிரிகூட அசைவதில்லை. நாம் காக்க வந்தது காற்றையா, ஒயினையா? மெஷின் தேவையில்லாமல் கிளம்பி நிற்பதும் குறையும்.

ஈரத்துக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள் ஃபேன் ஓடினால், காயிலில் ஒட்டியிருக்கும் நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். ஈரம் போதவில்லையா, ஃபேனை ஓடவிடு. கூடிப்போயிற்றா, கம்ப்ரஸரோடு சேர்த்து நிறுத்து. இந்த ஒரு செட்டிங்கை மாற்றி நான் சரிசெய்த அறைகள் நிறைய. இதற்கெல்லாம் ஈரமூட்டும் கருவி விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். சிங்கப்பூரில் ஈரமூட்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் மீட்டரைச் சந்தேகிப்பேன். சோதிப்பது சுலபம்: ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறுபோல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். இந்தச் சோதனையில் 62 காட்டிய மீட்டரை வைத்துக்கொண்டு அறை காய்கிறது என்று கவலைப்பட்ட வக்கீல் ஒருவர் இருக்கிறார், நம் தமிழர்தான். "தம்பி, அப்ப இத்தன நாளா நான் பாத்ததெல்லாம் பொய்யா?" என்றார். மீட்டர்தான் சார் பொய், அறை நல்லா இருக்கு என்றேன்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவுமில்லை. கண்டென்சரைக் கழுவுவது, ஃபில்டரைத் தட்டுவது, தண்ணீர் போகும் குழாயைப் பார்ப்பது. அந்தக் குழாயை மட்டும் யாரும் மதிப்பதில்லை. அதன் வளைவில் தண்ணீர் நின்றால்தான் வெளிக்காற்று உள்ளே வராமல் அடைபடும். பாசி பிடித்தால் தண்ணீர் உள்ளே வழியும். வறண்டுபோனால் வெளியிலிருக்கும் ஈரக்காற்று குழாய் வழியே மேலேறி நேராக அறைக்குள் வரும். ஈரம் காரணமில்லாமல் கூடுகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் நின்றுவிட்டது, ஒயினெல்லாம் போச்சு என்று போன் வந்தால், கதவைத் திறக்காதீர்கள், விளக்கை அணையுங்கள், காலையில் வருகிறேன் என்பேன். மேலே சொன்ன பேனல் அறையில் ஆயிரம் பாட்டில் இருந்தால், மெஷின் செத்து ஒரு நாள் முழுக்க ஆன பிறகும் கணக்குப்படி 18 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் கெப்பாசிட்டரோ ஃபேன் மோட்டாரோ மாற்றிவிடலாம். உதிரி பாகம் இத்தாலியிலிருந்து வர வேண்டியிருந்தால் பாட்டில்களை வாடகைக் கிடங்குக்கு மாற்ற லாரி பேசவும் அவகாசம் இருக்கும். கண்ணாடிச் சுவர் வைத்த அறை அதே ஒரு நாளில் 23ஐத் தொட்டிருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் காலையில் வருகிறேன் என்று சொல்வதில்லை. தம்பியை எழுப்பி வேனை எடுக்கச் சொல்வேன்.